ஜாதகக் கம்ப்யூட்டருக்கு வேகம் கூட்டியது

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அன்னூரில் நான் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஜோசியம் தெரியாது. கம்ப்யூட்டரும் அவ்வளவாகத் தெரியாது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அந்தத் தொழிலுக்கு அது போதுமாக இருந்தது.

கம்ப்யூட்டர் என் அண்ணன் வழியாக வந்தது. கோவையில் ஒரு நூல் மில்லின் கணக்குப் பிரிவில் அவர் வேலை பார்த்தார். அங்கே புது மெஷின்கள் இறக்கியபோது பழையவற்றை வேலையாட்களுக்கே மலிவாகத் தள்ளிவிட்டார்கள். அண்ணன் ஒன்றை வாங்கினார். வீட்டில் அதை வைக்க அண்ணி இடம் தரவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே மூடியைக் கழற்றி, பட்டறையில் இருந்த புளோயரால் உள்ளே காற்றடித்தார். மில்லின் பஞ்சு வெளியே வந்தது. ஒரு சின்னத் தலையணைக்குத் தேறும்.

வீட்டுக்காரர் கரண்ட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரக் கிணறுகளில் வோல்டேஜ் இறங்கிக் கருகிப்போகும் மோட்டார்கள் எங்கள் பட்டறைக்கு வரும். பட்டறையின் முன்பக்க மூலையை பிளைவுட் அடித்துத் தடுத்து எனக்குக் கொடுத்தார். வாசல் போர்டில் 'மோட்டார் ரீவைண்டிங்' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று கொஞ்சம் சிறிதாகவும் எழுதியிருந்தது. இரண்டுக்கும் வந்தவர்கள் அநேகமாக ஒரே ஆட்கள். மோட்டார் கருகினால் அந்தப் பக்கம் போவார்கள். மகளுக்கு வரன் வந்தால் இந்தப் பக்கம் வருவார்கள். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

வேலை எளிது. பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் நான்கையும் டைப் அடித்து என்டர் தட்டினால், ஆரஞ்சு நிற எழுத்தில் திரையில் 'கணிக்கப்படுகிறது' என்று வரும். அதன் பக்கத்தில் ஒரு புள்ளி விழும். சற்று நேரம் கழித்து இன்னொரு புள்ளி. பக்கத்து பேக்கரியில் டீ சொல்லி, அது வந்து, ஆறி, குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும் வரைக்கும் புள்ளிகள் விழுந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் முதலில் திரையைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பிறகு பேச ஆரம்பிப்பார்கள். எந்த வீட்டில் எந்த வரன் ஏன் தட்டிப்போனது என்பதெல்லாம் நான் கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.

மெஷினுக்கு ஞாபகமறதி இருந்தது. உள்ளே ஏதோ பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். நான் கையால் தேதியை மாற்ற வேண்டும். ஒருநாள் கரண்ட் பல தடவை போய்வந்ததில் மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் கோவில்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் ஜாதகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. மாப்பிள்ளைப் பையனும் வந்திருந்தார். அடர்த்தியான மீசை.

பையனின் அப்பா மரியாதையாகத்தான் சொன்னார். "ஏனுங்க, பையனுக்கு இப்ப பத்து வயசுன்னு போட்டிருக்குதுங்க. படிப்புல கவனம் வேணும்னு வேற எழுதியிருக்குது."

பையன் மீசையைத் தடவிக்கொண்டார். வேறு அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்காரர் டிரான்சிஸ்டர் ரேடியோவின் செல் பெட்டி ஒன்றை எடுத்து, பென்சில் செல்களைப் போட்டு, இரண்டு வயர் இழுத்து போர்டில் பற்றவைத்து, காயில் கட்டும் நூலால் உள்ளே கட்டித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு மெஷின் தேதியை மறக்கவில்லை. ஆனால் அவருக்கு அதன் மேல் இருந்த மரியாதை குறைந்துவிட்டது.

"வயசாயிப் போச்சு அம்மணி இதுக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்பது சீக்கிரமே தெரிந்தது. வருகிறவர்கள் எல்லோரும் பொருத்தம் பார்க்க முடியுமா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். என்னிடம் இருந்த புரோகிராம் ஒற்றை ஜாதகம் மட்டும்தான் போடும். இரண்டு ஜாதகத்தைச் சேர்த்துப் பத்துப் பொருத்தமும் பார்க்கத் தெரியாது. புரோகிராம் விற்றவர் கோவையிலிருந்து ஒரு லெதர் பையோடு வந்தார். புது வெர்ஷனில் பொருத்தம் இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் எங்கள் மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஆனா இதுல ஓடாதுங்க" என்றார். "இது டூ எயிட்டி சிக்ஸ். ஃபோர் எயிட்டி சிக்ஸாவது வேணுமுங்க."

அன்று சாப்பிடும்போது விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு நியாயம் வைத்தார். ஜாதகத்தில் வந்த காசுக்குள்தான் ஜாதக மெஷினுக்குச் செலவு. காயில் காசு அந்தப் பக்கம் வராது. நானும் ஒப்புக்கொண்டேன். ஜாதகக் காசு இதுவரை மோட்டார் பக்கம் போகாமலா இருந்தது என்று கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

புது மெஷின் வாங்குவது அந்தக் காசுக்குள் நடக்காது. பழைய பெட்டியையே கொண்டுபோய், உள்ளே எதையெதை மாற்ற வேண்டுமோ அதை மட்டும் மாற்றிக்கொண்டு வருவது என்று முடிவானது. காந்திபுரத்தில் பழைய சாமானும் விற்கிற ஒரு கடையை அண்ணன் சொல்லியிருந்தார்.

பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டேன். அது இரும்பு. சரவணம்பட்டி வருவதற்குள் கால் மரத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வெகுநேரம் போர்வையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வீடியோ டெக்குங்களா?"

"கம்ப்யூட்டருங்க."

"ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. வேகம் பத்தலீங்க."

அவர் அதை யோசித்துக்கொண்டே கணபதியில் இறங்கிப்போனார்.

கடை ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. கடைக்காரருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். போர்வையைப் பிரித்ததும் அவர் முகத்தில் ஒரு துக்கம் வந்தது. மூடியைத் திறந்து, நூலில் தொங்கிய செல் பெட்டியைப் பார்த்ததும் அது அதிகமானது.

"எதுக்குங்கக்கா யூஸ் பண்றீங்க?"

"ஜாதகம் போடறதுக்குங்க தம்பி."

"அப்ப இதை விட்டுப்போட்டு பென்டியம் எடுத்துக்குங்க. கலர் மானிட்டர், மல்டிமீடியா கிட்டு, ரெண்டு ஸ்பீக்கர். பாட்டெல்லாம் கேக்கலாம்."

"ஜாதகம் பாக்க வர்றவங்களுக்குப் பாட்டு எதுக்குங்க?"

"வெயிட் பண்ற நேரத்துல கேக்கலாமில்லீங்க."

"டீ வாங்கித் தர்றமுங்க."

அவர் சொன்ன மொத்தத் தொகை எங்கள் நியாயத்துக்குள் அடங்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தோம். பாட்டு போனது. கலர் போனது. புதுப் பெட்டி, புதுக் கீபோர்டு போயின. பழைய ஆரஞ்சுத் திரையே இருக்கட்டும், அதற்கான கார்டைக் கழற்றிப் புது போர்டில் செருக முடியுமா என்று கேட்டேன். முடியும் என்று சொல்ல அவருக்கு மனமில்லை. முடியாது என்று பொய் சொல்லவும் வரவில்லை. கடைசியில் போர்டு, மெமரி, ஹார்டு டிஸ்க், சின்ன ஃப்ளாப்பி போடும் டிரைவ் இந்த நான்கு மட்டும் நின்றன. நான்கும் வேறு யாரோ வேகம் பத்தவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போனவை.

அதுவரை பேசாமல் இருந்த வீட்டுக்காரர் அந்த போர்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தனை எச்.பி.ங்க தம்பி?"

"எச்.பி. இல்லீங்கண்ணா. அறுபத்தாறு மெகா ஹெர்ட்ஸ்."

வீட்டுக்காரர் போர்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். "நம்மூருக்கு வர்ற கரண்டே அம்பது ஹெர்ட்ஸ்தான்" என்றார். அதற்கப்புறம் போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஹார்டு டிஸ்க் வந்தபோதுதான் அவருக்குத் தெம்பு வந்தது. உள்ளே தட்டு சுற்றுகிறது, அதற்கு ஆர்.பி.எம். உண்டு என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பழைய டிஸ்க்குகள் இரண்டு இருந்தன. இரண்டையும் ஓடவிடச் சொல்லி, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை டிஸ்க் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பம்புசெட் பேரிங்குக்கு அப்படித்தான் கேட்பார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இது பேரிங் போயிருச்சு. எரைச்சல் எச்சா இருக்குது" என்று ஒன்றை ஒதுக்கினார். "இதைப் போடுங்க. நல்லாப் பூனையாட்ட ஓடுது."

அவர் தேர்ந்தெடுத்தது அடுத்த ஆடிக்குள் நின்றுவிட்டது. அதை மாற்றப் போனபோது, அவர் ஒதுக்கியதை யாருக்கு விற்றீர்கள், எப்படி இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். ஒரு டைப்பிங் சென்டருக்குக் கொடுத்ததாகவும், பிரமாதமாக ஓடுவதாகவும் சொன்னார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

எல்லாம் பொருத்தி முடிந்தபோது, பெட்டியின் முன்பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்ன வயர் மட்டும் எதிலும் சேராமல் நின்றது. வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இது எங்கீங்க தம்பி போகுது?"

"டர்போ பட்டனோட வயருங்கண்ணா. அதை அமுத்தினா மெசின் ஸ்லோவா ஓடும். மறுக்கா அமுத்தினா ஸ்பீடா ஓடும். யாருங்க காசு குடுத்து வாங்கிப்போட்டு ஸ்லோவா ஓட்டறாங்க? எல்லாருக்கும் இப்படியே விட்டுருவேன்."

வயரைச் சுருட்டி ஓரமாகச் சொருகிவிட்டார். ஒரு வயரைச் சும்மா விடுவது வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அன்னூர் வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் முதல் ஜாதகம் போட்டேன். என்டர் தட்டினேன். 'கணிக்கப்படுகிறது' என்ற சொல்லை நான் படித்து முடிக்கவில்லை. ஜாதகம் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மாவே நாலைந்து பேர் ஜாதகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இனி தை மாதக் கூட்டத்தைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் வந்தது ஒரு மாமியாரும் மருமகளும். பேரனுக்கு ஜாதகம். பிறந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, மாமியார் நாற்காலியில் சாய்ந்து, சேலையைச் சரிசெய்து, பேச வாயெடுத்தார். அதற்குள் பிரிண்டர் சத்தம் போட ஆரம்பித்தது.

"என்னுங்க இது?"

"ஜாதகமுங்க."

"அதுக்குள்ளயா?" மருமகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "முன்னாடியே அடிச்சு வெச்சிருந்தீங்களா?"

புது மெஷின் வேகமாகக் கணக்குப் போடும் என்று விளக்கினேன். சரிங்க என்றார். காகிதத்தை வாங்கி, என் முன்னாலேயே பேரனின் பெயர் சரியாக இருக்கிறதா என்று மருமகளைப் படிக்கச் சொன்னார். டீ அவர்கள் போன பிறகு வந்தது.

அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படித்தான். யாரும் சண்டை போடவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிச் சண்டை போடமாட்டார்கள். நல்லதுங்க, வாரோமுங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம் அவர்கள் அதே ஜாதகத்தை அவிநாசியில் ஒரு ஜோசியரிடம் கையால் எழுதி வாங்கினார்கள் என்று பேக்கரிக்காரர் சொல்வார். பொருத்தம் பார்க்கத்தான் இத்தனை செலவும் செய்தது. பொருத்தத்துக்கு வந்தவர்கள்தான் அதிகம் முகம் சுளித்தார்கள்.

அதில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். வடக்கே ஒரு தோட்டத்துக்காரர். அறுபதை நெருங்கியவர், எப்போதும் வெளுத்த சட்டை. முந்தின வருஷம் அவருடைய கிணற்று மோட்டார் எங்களிடம்தான் காயில் கட்ட வந்தது. மகளுக்கு சூலூரில் ஒரு இடம் வந்திருக்கிறது, பெண்ணையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று இரண்டு ஜாதகத்தையும் கொண்டுவந்தார். தட்டினேன். பத்துக்கு ஏழு பொருத்தம். நல்ல எண்ணிக்கை. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காப் போடுங்க அம்மணி."

போட்டேன். ஏழு.

"சித்த மெதுவாப் போடுங்களேன்."

"இதுக்கு மெதுவாப் போடத் தெரியாதுங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கோவிச்சுக்காதீங்க. எம்பட மோட்டாருக்குக் காயில் கட்டறதுக்கே உங்க ஊட்டுக்காரரு ரெண்டு நாளு எடுத்துக்கிட்டாரு. எம்பட புள்ளையோட வாழ்க்கைக்கு இத்தனை நேரந்தானுங்களா?"

அவர் காகிதத்தை வாங்காமலே, அடுத்த வாரம் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் கை நின்றிருந்தது. அவரும் கேட்டிருந்தார்.

அன்று மாலை டெலிபோன் பூத்திலிருந்து காந்திபுரத்துக் கடைக்குப் பேசினேன்.

"தம்பி, அந்த மெசினை மெதுவா ஓட வெக்க முடியுங்களா?"

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"என்னுங்கக்கா?"

மறுபடி சொன்னேன். பூத்துக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த டர்போ வயரைச் செருகுங்கக்கா" என்றார் கடைக்காரர். எந்த இடத்தில் செருக வேண்டும், போர்டில் என்ன எழுதியிருக்கும் என்று சொன்னார். போனை வைப்பதற்கு முன் கேட்டார். "நான் ஏதாச்சும் தப்பாக் குடுத்துப்போட்டனுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். வயரைச் செருக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனல்லவா, ஒரு வயரைச் சும்மா விடக்கூடாது என்று அவர் சொல்வதற்குத்தான் நேரமானது. சோதித்துப் பார்க்க இரண்டு ஜாதகம் வேண்டும். அடுத்தவர்களுடையதைப் போட்டுப் பார்ப்பது சரியாகப் படவில்லை.

"நம்மளுதையே போடு" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருஷம். கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் பார்த்தவர் எட்டுப் பொருத்தம் என்று சொல்லி, தேங்காய் பழத் தட்டோடு போனவர். நான் இரண்டு பேருடைய விவரங்களையும் அடித்து, முதலில் வேகமாக ஓடவிட்டேன். மூன்று பொருத்தம் என்று வந்தது.

இருவரும் திரையைப் பார்த்தோம்.

"அமுத்து" என்றார்.

டர்போ பட்டனை அமுக்கி, மறுபடி என்டர் தட்டினேன். 'கணிக்கப்படுகிறது' என்று வந்தது. ஒரு புள்ளி விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. இத்தனை வருஷமும் நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து மற்றவர்கள் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்காக அந்தப் புள்ளிகள் விழுவது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புள்ளிகள் ஒரு வரி நிறைந்து அடுத்த வரிக்குப் போயின. அப்புறம் விடை வந்தது.

"மெதுவாப் போட்டும் மூணுதான் வருது."

"ஆமாங்க."

"எங்கியோ லூஸ் கனெக்சனா இருக்கும்" என்று எழுந்து, பெட்டிக்குள் இருந்த வயர் ஒவ்வொன்றையும் அழுத்திவிட்டார். மறுபடி போட்டோம். மூன்று.

"நமக்கு எட்டுன்னு சொன்னவரு இப்ப இருக்காரா?"

"போன வருசம் போயிட்டாருங்க."

வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தான் பிறந்த நேரத்தைத் தன் அம்மாவிடம் கேட்டுவந்தார். கோழி கூப்பிடும் நேரம் என்பதற்கு மேல் அத்தைக்கு ஞாபகம் இல்லை. எந்தக் கோழி, எத்தனாவது தடவை என்று கேட்டதில் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டதாம். அதனால் நான்கு மணி, நாலரை, ஐந்து என்று மாற்றி மாற்றிப் போட்டோம். மூன்றுதான் வந்தது. ஐந்தரைக்கு மட்டும் நான்கு வந்தது. அதற்குப் பிறகு பிறந்த நேரத்தை யார் கேட்டாலும் ஐந்தரை என்றே அவர் சொல்லிவருகிறார்.

அன்று சாயங்காலம் பேக்கரியிலிருந்து எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிவந்தார். நான் கேட்கவில்லை. கேட்காமல் அவர் எதையும் வாங்கிவருகிறவரும் இல்லை. நானும் ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டேன்.

தோட்டத்துக்காரர் சொன்னபடியே அடுத்த வாரம் வந்தார். இந்த முறை மகளையும் கூட்டிவந்திருந்தார். பி.காம். படித்துவிட்டு சரவணம்பட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். மத்தியானம் வரை லீவு போட்டு வந்திருப்பாள் போல, தோளில் டிபன் பை இருந்தது.

"மெசினைச் சரி பண்ணீட்டீங்களாமே" என்றார்.

"பண்ணீட்டமுங்க."

விவரங்களை அடித்தேன். பட்டனை அமுக்கிவிட்டு என்டர் தட்டினேன். முதல் புள்ளி விழுந்ததும் அவர் தோள் தளர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். நான் டீ சொன்னேன்.

"பையன் ஊட்டுல பதினாறு தறி ஓடுதுங்க" என்று ஆரம்பித்தார். "சொந்தக் கட்டடம். பையனுக்குக் கெட்ட பழக்கமில்லீங்க. ஒரே பையன். நல்ல இடமுங்க."

"அப்படீங்களா."

புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. டீ வந்தது. குடித்தார். பையனின் மாமன் வீடு எந்த ஊர், யார் வழியில் சொந்தம் என்றெல்லாம் சொன்னார். நல்ல இடம் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னார். அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லாமல் போய்விட்டது. புள்ளிகள் இன்னும் பாதி வரியில்தான் இருந்தன. டம்ளரைக் கீழே வைத்தார். பேச்சில்லாமல் இருப்பது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். மகள் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, உனக்கு எப்படித் தோணுது?"

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்கப்பா."

"ஆரு?"

"அந்தப் பையனோட அம்மா. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, சமையக்கட்டுல வெச்சு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே கண்ணு."

"நீங்க கேக்கலீங்களேப்பா."

தடுப்புக்கு அந்தப் பக்கம் காயில் சுற்றும் சத்தம் நின்றது. என் கைக்குப் பக்கத்தில் பட்டன் இருந்தது. ஒரு தடவை அமுக்கினால் மெஷின் வேகம் பிடித்து, ஏழு என்ற விடை வந்து, இந்தப் பேச்சு அத்தோடு முடிந்துபோகும். விரலை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் வெகுநேரம் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"உனக்கு வேலைக்குப் போகோணுமா?"

"போகோணுமுங்கப்பா."

"கல்யாணத்துக்குப் பொறகும்?"

"ஆமாங்கப்பா."

இன்னும் சில புள்ளிகள் விழுந்தன. பிறகு விடை வந்தது. பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. அவர் எழுந்துவிட்டார்.

"எத்தனைங்க அம்மணி?"

"ஏழுங்க."

"செரி. அது கெடக்கட்டும்." காசை மேஜை மேல் வைத்தார். காகிதம் பாதிதான் வெளியே வந்திருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. மகள் டிபன் பையை மாட்டிக்கொண்டு, வாரேனுங்கக்கா என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பின்னால் இறங்கினாள். அவளை சரவணம்பட்டி பஸ் ஏற்றிவிட்டுத்தான் அவர் தோட்டத்துக்குப் போனார் என்று பேக்கரிக்காரர் சொன்னார்.

பிரிண்டரைப் பாதியில் நிறுத்தினால் காகிதம் சிக்கிக்கொள்ளும். அதனால் முழுக்க அடிக்கவிட்டேன். அது கத்திக்கொண்டிருக்கும்போதே தடுப்புக்கு மேலாக வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"ஏழு இருந்துமா வேண்டாங்கறாங்க?"

"ஆமாங்க."

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"நமக்கு மூணு."

"நாலுங்க" என்றேன். "அஞ்சரை மணிக்கு."

காயில் சுற்றும் சத்தம் மறுபடி கேட்டது.

அந்தத் தை மாதம் கூட்டம் பழையபடி வந்தது. அவசரம் என்று யாராவது சொன்னால் பட்டனை மறுபடி அமுக்கி வேகமாகப் போட்டுக் கொடுப்பேன். வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் அப்படிக் கேட்பார்கள். பெண்ணைப் பெற்றவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. வரிசை நீண்டு, மூன்று நாற்காலி போதாமல், மோட்டார் பக்கத்திலிருந்த பலகையையும் எடுத்துப் போட வேண்டியிருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசி, என் மெஷினுக்கு வராமலே இரண்டு சம்பந்தம் அந்தப் பலகையில் முடிந்தது.

சூலூர் இடம் தட்டிப்போய்விட்டது. தோட்டத்துக்காரர் அதற்குப் பிறகு ஜாதகத்துக்கு வரவில்லை. மோட்டாருக்கு மட்டும் வந்தார். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வெள்ளகோவில் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. பொருத்தம் எங்கே பார்த்தார்கள், எத்தனை வந்தது என்று தெரியவில்லை. பத்திரிகை கொடுக்க வந்தபோது கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கோவையில் வேலை என்பதால் கணபதியில் வீடு பார்த்தார்கள். அவள் அதே பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து போக ஆரம்பித்தாள்.

ஹார்டு டிஸ்க்கை இரண்டாம் முறை மாற்ற நான் காந்திபுரம் போய்விட்டுத் திரும்பிய ஒரு மாலையில் அவளை பஸ்ஸில் பார்த்தேன். அப்பா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். ஒரு இடம் காலியானதும் எனக்குப் பிடித்து வைத்தாள். கர்ப்பமாக இருந்தாள். நான் உட்காரு என்றேன், அவள் நீங்க உட்காருங்கக்கா என்றாள். இப்படியே சொல்லிக்கொண்டிருந்ததில் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். கோவில்பாளையம் வரை இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தோம். பள்ளிக்கூட ஆபீசுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்களாம். ரொம்ப வேகமாம். அவள்தான் அதைப் பார்த்துக்கொள்கிறாளாம்.